கடைவாய்க் கம்பி

அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் பார்ப்பவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கம்பிக்காரர் என்றால் உடனே கை காட்டுவார்கள். முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் ஒரு முனையில் மரப் பிடி. மற்றவர்கள் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகுகிற மாதிரி அவர் அதைச் செருகிக்கொண்டு திரிவார். மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போனால், ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தின் மேல் கம்பியின் நுனியை வைப்பார். மரப் பிடியை வலது கடைவாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடுவார். அப்புறம் கொஞ்ச நேரம் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. வாயில்தான் பிடி இருக்கிறதே.

காதுக்கு வருகிற சத்தம் வேறு, பல் வழியாக எலும்புக்கு வருகிற சத்தம் வேறு என்பார். சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்கில் ஓர் இரும்புக் குண்டு தேய்ந்தால் காது அதைக் கண்டுகொள்ளாது. பல் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கட்டிடம் கிட்டத்தட்ட ஒரு குடும்பச் சொத்து போலத்தான், பட்டா மட்டும் வேறு யார் பேரிலோ. கீழே படிக்கட்டுக்கு அடியில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். பேன்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது. அவள் தம்பிதான் கட்டிடத்துக்கு மேனேஜர். வாசலுக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த மாடியில் தண்ணீர் வரவில்லை, எந்த மாடியில் தண்ணீர் வழிகிறது என்று நாள் முழுக்க வசவு வாங்குவது அவன் உத்தியோகம். ஐந்தாம் மாடியில் பல் டாக்டரம்மா. இடது லிஃப்ட், வலது லிஃப்ட் என்று இரண்டு லிஃப்ட். ஒரே நாளில் மாட்டிய இரட்டைப் பிள்ளைகள்.

தைத்த துணிகளைக் கொடுக்க மனைவி மேலே போவாள். கணவர் மெஷின் அறையில் இருக்கிறார் என்று தெரிந்தால், லிஃப்ட்டின் தகரச் சுவரில் கத்திரிக்கோலால் தட்டுவாள். சேர்ந்தாற்போல் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அது இரும்புக் கயிற்றில் ஏறி, மேலே கயிறு ஓடும் சக்கரத்துக்குப் போய், அங்கிருந்து கம்பிக்கு வந்து, அவருடைய கடைவாயில் இறங்கும். சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள், கேட்டுச்சா என்று. கேட்டுச்சு என்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு. பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. வாய்விட்டுப் பேசினால் சண்டையில் போய் முடிகிற விஷயமெல்லாம் கத்திரிக்கோலில் நல்லபடியாக முடிந்தது.

கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தால் பல் என்ன ஆகும்? இடது கடைவாய் எப்போதோ காலி. வலது பக்கம் ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாக விழுந்தது. பல் செட்டு கட்டிப் பார்த்தார். அதை மாட்டிக்கொண்டு கம்பியைக் கவ்வினால், தகர டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி எல்லாம் ஒரே கடகட. ஈறோடு வைத்து அழுத்திப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. ஆனால் இதை யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் மாடிக்குப் போவார், கம்பியை வாயில் வைப்பார், கண்ணை மூடுவார். மச்சினன் எப்படி இருக்குது அத்தான் என்று கேட்டால், நல்லா இருக்குது என்பார். மனைவி கேட்டுச்சா என்றால், கேட்டுச்சு என்பார்.

பொய் சொன்னதை விட, தான் குருட்டாம்போக்கில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அவரைத் தூங்க விடவில்லை. காலையில் அலுவலகங்களுக்கு வருகிற கூட்டம் லிஃப்ட்டில் நெருக்கியடித்து ஏறும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் கையில் துணிப் பையோடு அவர் மனைவியும் இருந்தாள்.

கடைசியில் ஒருநாள் டாக்டரம்மாவிடம் போய் வாயைத் திறந்தார். டாக்டரம்மா கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, கல்லை மெல்லுவீர்களா என்று கேட்டார். கம்பி என்றார் இவர். எடுத்தெடுத்து மாட்டுகிற பல் வேண்டாம், எலும்போடு சேர்ந்த பல் வேண்டும் என்றார். அதற்குத்தான் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் தாடையை எடுத்துக் காட்டினார். எலும்பில் ஒரு ஸ்குரூவை இறக்குவது, எலும்பு வளர்ந்து அதைக் கவ்விக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது, அப்புறம் அதன் தலையில் பல்லை வைத்து இன்னொரு குட்டி ஸ்குரூவால் முடுக்குவது. கம்பிக்காரருக்கு அது பல் வைத்தியமாகவே தெரியவில்லை, சொந்தத் தொழிலாகத் தெரிந்தது. மரை எந்த அளவு, எவ்வளவு முடுக்குவீர்கள், துருப்பிடிக்குமா என்று அவர் கேட்ட கேள்விகளில் டாக்டரம்மாவே அசந்து போனார்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இந்த வயசுல யாரைக் கடிக்கிறதா உத்தேசம்?"

"உன்னைத்தான்."

"அதுக்குப் பழைய பல்லே போதுமே. இருந்த வரைக்கும் நல்லாத்தானே கடிச்சீங்க."

ஸ்குரூ இறக்கிய அன்று பாதித் தாடை மரத்துப்போய், வாயோரம் எச்சில் ஒழுக வீட்டுக்கு வந்தார். அப்புறம் மாதக்கணக்கில் கரைத்த சாப்பாடு. கடைவாயில் தகரத் துணுக்கு மாதிரி எதுவோ நாக்கில் இடறிக்கொண்டே இருந்தது. எலும்பு பிடிக்கட்டும், பிடிக்கட்டும் என்று டாக்டரம்மா படம் எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒருவழியாகப் பல்லை வைத்து முடுக்கிய அன்று ஓர் எச்சரிக்கையும் சொன்னார். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சவ்வு உண்டு. இந்தப் பல்லுக்கு அது கிடையாது, நேரே எலும்பில் நிற்கிறது. கடிக்கிற பலம் தெரியாது, அழுத்திவிடுவீர்கள், பார்த்து. இவர் தலையை ஆட்டினாரே தவிர, மனம் அப்போதே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டிருந்தது.

மெஷின் அறையில் எண்ணெய் வாடையும் சூடும். இடது லிஃப்ட் இயந்திரத்தின் மேல் கம்பியை ஊன்றி, பிடியைக் கவ்வினார்.

தண்ணீருக்குள் தலையை முக்கியது போல் இருந்தது. மோட்டாரின் முனகல், கயிறு சக்கரத்தில் வழுக்குவது, கீழே எங்கோ ஒரு கதவு இழுபட்டுச் சாத்துவது என்று ஒன்று பாக்கியில்லாமல் மண்டைக்குள் வந்து இறங்கியது. பழைய பல் இதில் பாதியைக்கூடச் சொன்னதில்லை. அந்தச் சந்தடிக்கு நடுவே கத்திரிக்கோல் கேட்டது. இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. பக்கத்தில் நின்று தட்டுகிற மாதிரி. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுப் பல், அழுத்துகிறது, அதுதான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கத்திரிக்கோல் ஓய்ந்த பிறகு இன்னொன்றும் கேட்டது. மணலை அம்மியில் வைத்து அரைக்கிற சத்தம். மெல்லிசாக, விடாமல்.

இது புதிதாக வந்த சத்தமா, அல்லது எப்போதும் இருந்ததைப் பழைய பல்தான் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததா? ஒத்துப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. பழைய பல் குப்பைக்குப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது.

மச்சினனிடம் போய் இடது லிஃப்ட்டை நிறுத்தச் சொன்னார். ஆய்வுக்காரர்கள் வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்க் கொஞ்ச நாள்கூட ஆகவில்லையே அத்தான் என்று அவன் இழுத்தான். அவர் கேட்கவில்லை. பலகை மாட்டி, படியேறுகிறவர்களின் ஏச்சையெல்லாம் அவன் தலையில் விட்டுவிட்டு, பேரிங்கைப் பிரித்துப் போட்டார். குண்டுகள் ஒவ்வொன்றும் கண்ணாடி. முகம் பார்க்கலாம். துடைத்தார், விளக்கில் காட்டினார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது. திரும்ப மாட்டிவிட்டு ஓட விட்டார். கம்பியைக் கவ்வினார். மணல் அரைந்துகொண்டுதான் இருந்தது. வலது லிஃப்ட்டில் வைத்தார். அங்கேயும் அரைந்தது.

அவர் முகம் வெளிறிப்போய்க் கீழே வந்ததை மனைவிதான் பார்த்தாள். என்ன ஏது என்று குடைந்து, விஷயத்தைக் கறந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் தையல் மெஷினைக் காட்டி, இதில் வையுங்கள் பார்க்கலாம் என்றாள். அவள் மிதிக்க, அவர் கம்பியை வைத்துக் கவ்வினார். ஜிப் மாற்ற வந்த ஆள் வாய் பிளந்து நின்றான்.

"கேக்குதா?"

வாயில் பிடியோடு தலையை ஆட்டினார்.

"அப்ப என் மெஷினும் போச்சா? போற பக்கமெல்லாம் ஒரே பாட்டா கேட்டா, பாடுறவன் உங்க வாய்க்குள்ளதான் உக்காந்திருக்கான். மேல போய் டாக்டரம்மாகிட்ட காட்டுங்க."

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. எலும்பில் இறங்கிய ஸ்குரூ மலை போல நின்றது. பல்லைப் பிடித்திருந்த குட்டி ஸ்குரூதான் இளகியிருந்தது. டாக்டரம்மா சின்னச் சாவி ஒன்றை விட்டுத் திருகினார். ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் சாவி டக்கென்று சொடுக்கியது. அந்தச் சொடுக்கு வந்தால் முடுக்கு போதும் என்று அர்த்தம். உங்களைப் போல கம்பியைக் கடிப்பவருக்கு இது மறுபடியும் இளகலாம், அந்தச் சத்தம் வந்தால் தாமதிக்காமல் வாருங்கள் என்றும் சொன்னார்.

சத்தம் நின்றது. கட்டிடத்தில் சிரிப்பு தொடங்கியது. லிஃப்ட்டில் நட்டு கழன்றிருக்கிறது என்று கட்டிடத்தையே நிறுத்தினாராம், கழன்றது யாருக்கென்று பார்த்தால், என்று மாடிக்கு மாடி கதை ஏறியது. மச்சினன் கொஞ்ச நாள் அவரைப் பார்த்தபோதெல்லாம் காதோரம் விரலை வைத்துத் திருகிக் காட்டினான். அக்காகாரி ஒரு முறை முறைத்த பிறகுதான் நிறுத்தினான். கம்பிக்காரர் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று பேரிங்கை விளக்கில் காட்டிக்கொண்டு நின்றபோது, அதில் தன் முகமே முட்டாள் மாதிரித் தெரிந்தது அவருக்கு மறக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் இடது லிஃப்ட்டில் கம்பியை வைத்துக் கவ்வியபோது, அதே மணல்.

அவருக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. எரிச்சல்தான் வந்தது. திரும்பவும் இளகிவிட்டது சனியன் என்று பிடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தையல் மெஷினில் வைத்துப் பார்த்திருக்கலாம். படிக்கட்டு வரை போனார். அங்கே பேன்ட்டோடும் பாவாடையோடும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் இடுப்பில் இருந்த கம்பியைப் பார்த்ததும் ஒருத்தர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கம்பிக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் போலத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

டாக்டரம்மா வெளிநாடு போயிருந்தார். கதவில் பலகை தொங்கியது. வந்ததும் முடுக்கிக்கொள்ளலாம், அதுவரை கம்பியைக் கவ்வ வேண்டாம், கவ்வினால் இன்னும் இளகும் என்று முடிவு செய்துகொண்டார். மச்சினன் கேட்டபோது, லிஃப்ட் நல்லாத்தான் இருக்குது, பல்லுதான் மறுபடி படுத்துது என்றார். இதையும் அவன் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுச்சா என்று கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னாள்.

"இடது பக்கத்து லிஃப்ட்டு விக்குதுங்க."

"விக்குதா?"

"ஆமா. மேல போறப்ப இல்ல, இறங்கறப்ப. விக்கல் வர்ற மாதிரி ஒரு தூக்கு. பாதத்துல தெரியுது."

"நாள் முழுக்க மெஷினை மிதிக்கிற காலு. அதுக்கு எல்லாமே குலுங்கத்தான் செய்யும்."

"என் காலு என்ன உங்க பல்லா, கண்டதையும் சொல்றதுக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது.  மறுநாள் மாடிக்குப் போய் இடது இயந்திரத்தின் முன் நின்றார். கம்பியை உருவினார். மரப் பிடியைப் பார்த்தார். அதில் அவருடைய பழைய பற்கள் கடித்த குழிகள், மேல் வரிசை, கீழ் வரிசை என்று அச்சுப் பதித்த மாதிரி இருந்தன. இப்போதைய பல் அந்தக் குழியில் பொருந்தாது. திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். டாக்டரம்மா வரட்டும்.

டாக்டரம்மா வந்தார். மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து கட்டிடம் கொட்டாவி விடுகிற பொழுது. கம்பிக்காரரும் மனைவியும் இடது லிஃப்ட்டில் சேர்ந்தேதான் மேலே போனார்கள். டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுக்குத் தோள் பிரித்துத் தைத்திருந்தாள், அதைக் கொடுக்க வேண்டும். ஏறும்போது விக்கல் இல்லை. பார்த்தியா என்பது போல் அவர் அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் காகிதத் துணியைக் கட்டி, முகத்துக்கு நேரே விளக்கை இறக்கினார் டாக்டரம்மா. வாயில் பஞ்சுச் சுருள்கள், உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய். மனைவி கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன், கீழே போகிறேன் என்றாள். அவர் ம் என்றார். அவள் போய் வெளிக்கதவு சாத்திய சத்தம் கேட்டது.

டாக்டரம்மா பல்லின் தலையில் இருந்த அடைப்பை எடுத்தார். சின்னச் சாவியை உள்ளே விட்டார். திருகினார்.

டக்.

உடனே சொடுக்கியது. சாவி நகரவே இல்லை.

டாக்டரம்மா இன்னொரு தரம் வைத்தார். டக்.

"இது எங்க லூசா இருக்கு? முடுக்கின இடத்துலயே இருக்கு, இம்மி நகரல. உங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் இறுக்கமாக இருக்கிறது. பல் இறுக்கமாக இருந்தால் மணல் வாயில் இல்லை. வாயில் இல்லை என்றால்.

வெளியே தாழ்வாரத்தில் லிஃப்ட் வந்து நின்ற மணி அடித்தது. இடது பக்கத்து மணி. அதன் ஒலி அவருக்குத் தெரியும். எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டரம்மாவின் விரல்கள் இன்னும் வாய்க்குள் இருந்தன. ஆ, ஆ என்றார். வலிக்கிறதா, இதோ முடிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அந்தக் கையைத் தள்ளிவிட்டு, குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கழுத்துத் துணியோடு அவர் வெளியே ஓடினார். கதவு மூடிக்கொண்டிருந்தது. மூடுகிற இடுக்கில் மனைவியின் முகம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அவருடைய கோலத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய முகம். பஞ்சை வைத்துக்கொண்டு அவர் போட்ட சத்தம் அவளுக்குப் புரிந்திருக்காது. லிஃப்ட் இறங்கியது.

பொத்தானை அமுக்கிப் பயனில்லை. படிக்கட்டில் மேலே ஓடினார். மெஷின் அறைக் கதவைத் திறந்ததுமே சூடு முகத்தில் அறைந்தது. எண்ணெய் தீய்ந்த வாடை. மெயின் சுவிட்சை இறக்கினார். பிரேக் கவ்வியது. சக்கரம் ஒரு குலுக்கு குலுங்கி நின்றது.

பஞ்சைத் துப்பினார். கயிற்றுச் சக்கரத்தின் அச்சு உட்கார்ந்திருக்கும் பேரிங் மேல் கையை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார். அடியில் கருப்பாகக் கசிந்து வழிந்திருந்தது. அந்தக் கருப்பில் ஜரிகை மாதிரி இரும்புத் தூள் மின்னியது. அன்று கண்ணாடியாக இருந்த குண்டுகள்தான். அதற்குப் பிறகு அவற்றை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு டாக்டரம்மா வந்து நின்றார், கையில் அந்தச் சாவியோடு. கீழிருந்து மச்சினனும் போனில் கத்தினான். கயிற்றில் மாடிக்கு மாடி தீட்டியிருந்த குறியைப் பார்த்து, வலது லிஃப்ட்டையும் நிறுத்து, ஆட்களைப் படியில் விடு, இரண்டாம் மாடிக் கதவுக்குப் போ என்று இவர் சொன்னார். அக்கா உள்ளே இருக்கிறாள் என்றதும் அவன் படியில் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

கம்பியை உருவி, நுனியைச் சக்கரத்தின் அச்சில் ஊன்றி, பிடியைக் கவ்வினார். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. மறுபடியும் இரண்டு, ஒன்று. அவள்தான். நல்லாத்தான் இருக்கிறாள். விழுந்தால் பிடித்துக்கொள்ள லிஃப்ட்டுக்குக் கீழே கவ்விகள் உண்டு. அச்சே முறிந்து கயிறு தாறுமாறாகப் போனால் அவை பிடிக்குமா என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற நாளாக இது இருக்கக் கூடாது.

மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நிற்கிற லிஃப்ட்டைக் கையால்தான் இறக்க வேண்டும். பிரேக்கை ஒருவர் நெம்புகோலால் விலக்கிப் பிடிக்க, இன்னொருவர் கைச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இதைப் பிடிங்க. நான் கையைத் தூக்கினா உடனே விட்டுடணும். யோசிக்கவே கூடாது."

"சாவி சொடுக்கினா விடுற மாதிரிதானே?"

"அதே மாதிரிதான்."

கம்பி அச்சில், பிடி வாயில், கை சக்கரத்தில். சுற்றினார். மணல் அரைந்தது. மணல் இல்லை இப்போது, சரளை. ஒவ்வொரு கல்லும் தாடையில் இடறியது. கொஞ்சம் சுற்றி நிறுத்தினார். டிக். ஒரு தட்டல் கேட்டது. அவருக்கு உயிர் வந்தது. தட்டு, தட்டிக்கொண்டே இரு என்று மனதுக்குள் சொன்னார். இன்னும் கொஞ்சம் சுற்றினார். டிக். தாளத்தை விட்டுவிட்டாள், இப்போது ஒவ்வொன்றாகத்தான் வந்தது. பயத்தில் மறந்திருப்பாள், பாவம். ஆனால் நிறுத்தவில்லை. அவர் சக்கரத்தை நகர்த்திய ஒவ்வொரு தடவையும் அவள் பதில் சொன்னாள். அவள் பதில் சொன்ன தைரியத்தில் அவர் அடுத்ததைச் சுற்றினார். பொறு, இதோ, டிக், வந்துவிட்டோம், டிக். மரப் பிடியில் வாயிலிருந்து எச்சில் வழிந்து கையை நனைத்தது. டாக்டரம்மா இரண்டு கையாலும் பிடித்திருந்த நெம்புகோல் அசையவில்லை.

தரையில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனில் மச்சினன் கூவினான். தரை தெரிகிறது, இன்னும் ஒரு சாண், இன்னும் கொஞ்சம், போதும். அவர் கையைத் தூக்கினார். டாக்டரம்மா விட்டார். பிரேக் விழுந்தது. கதவை நெம்பித் திறக்கிற ஓசை, அப்புறம் அக்கா வந்துவிட்டாள், அக்கா வந்துவிட்டாள் என்று அவன் அழுகையும் சிரிப்புமாகச் சொல்வது கேட்டது. கம்பிக்காரர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, இன்னொரு தரம் வாயைக் காட்டுங்கள், பல் என்ன ஆயிற்றோ என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத, நன்றாக இல்லாத ஒரு சிரிப்பு.

மனைவி கீழே இறங்கிப் போகவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு படியேறி மொட்டைமாடிக்கே வந்துவிட்டாள். தலை கலைந்து, முகம் வேர்த்து, நெற்றியில் சுவரில் இடித்த சிவப்பு. வந்து அவர் எதிரே நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." எத்தனையோ மாதப் பொய்க்கும் சேர்த்து அதைச் சொன்னார். "கடைசி வரைக்கும் கேட்டுச்சு. நீ தட்டத் தட்டத்தான் நான் சுத்தினேன்."

அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"கடைசி வரைக்குமா? நின்னவுடனே ரெண்டு தரம் தட்டினேன். நகர ஆரம்பிச்ச குலுக்கல்ல கத்திரிக்கோல் கை நழுவிப் போச்சு. குனிஞ்சு எடுக்கக்கூடப் பயம். ரெண்டு கையாலயும் லிஃப்ட்டோட கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் நான் எங்க தட்டினேன்?"

கம்பிக்காரர் மெல்ல எழுந்து, விளக்கை எடுத்து அச்சின் மேல் காட்டினார். வழிந்த கருப்பை விரலால் துடைத்தார். இரும்பில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருப்பது போல் இருந்தது. நகத்தால் தள்ளிப் பார்த்தார். முடி நகரவில்லை. நகம் அதற்குள் இறங்கியது. விளக்கை நகர்த்தி நகர்த்தி அந்த விரிசல் போகிற வழியைப் பார்த்தார். அச்சைச் சுற்றி வந்து, கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்தையே அது தொட்டுவிட்டிருந்தது.

டிக்.

கம்பி தரையில் கிடந்தது. அவர் வாயில் எதுவும் இல்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"யாரு தட்டறது?" என்றான் மச்சினன், கயிறு இறங்குகிற ஓட்டை வழியே கீழே எட்டிப் பார்த்து. "அத்தான், லிஃப்ட்டுல இன்னும் யாராவது இருக்காங்களா?"

அவர் மனைவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். மற்ற இருவரையும் தோளால் நெட்டித் தள்ளிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தார். பின்னால் அது மறுபடியும் தட்டியது.